அப்பாவின் களைப்பும் சித்தப்பாவின் கட்டைவிரலும்

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடமாட்டாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், ஆனால் நம் வீட்டு நலத்தை உன் அப்பா முழுக் குத்தகைக்கு எடுத்துவிட்டார், யார் எப்போது கேட்டாலும் அவரே கைநிறைய எடுத்துக் கொடுத்துவிடுகிறார், எனக்கு மிச்சம் வைப்பதில்லை. அப்பாவின் போன் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது, வந்ததும் பேசுகிறேன் என்று என் போனிலிருந்து உனக்குச் செய்தி வந்ததே, அதை அனுப்பியது நான் இல்லை, அவர். போன் ரிப்பேர் ஆகவும் இல்லை, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் சுகமாகத் தூங்குகிறது. நீ பதறிப்போய் என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் கடையில் ஆள் இருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன், அதுவும் பாதிப் பொய்தான், கோபித்துக்கொள்ளாதே. நடந்ததைப் போனில் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. உன் புதுக் கண்ணாடி தயாராகிவிட்டது, அதைக் கூரியரில் அனுப்பும் பெட்டிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். மதியம் கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லை, பிரேம் துடைக்கிற மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நடுநடுவே எழுந்து போக வேண்டிவரும், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

முதலில் இருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் கொஞ்சம் வரும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இத்தனை வருடம் கண்டவர் கையிலும் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர், அவர்கள் சுவரிலும் கம்பத்திலும் பால் வண்டியிலும் கொண்டுபோய் மோதியும் ஒரு கீறல் படாதவர், குளியலறை பல்பை மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து வாஷ்பேசின் விளிம்பில் மண்டையை உடைத்துக்கொண்டார். அண்ணன் ஸ்டூலுக்கு லைசென்ஸ் எடுக்கவில்லை என்று உன் சித்தப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிச் சிரித்ததும் நான் முறைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, தலையில் முடி வளர்ந்து, பேச்சும் நடையும் திரும்பி வந்து, பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டு, நீயும் கிளம்பிப் போன பிறகுதான் இந்தக் களைப்பு வந்து வீட்டில் குடியேறியது. தூக்கக் களைப்பு இல்லை, வேலை செய்த களைப்பும் இல்லை. குளித்துவிட்டு வந்தால் மூட்டை தூக்கியவர் மாதிரி கட்டிலில் சாய்வார். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினால் முகம் வெளுக்கும். மிக்ஸி ஓடினால் கண்ணை மூடிக்கொள்வார். தினசரியைக் கையில் எடுப்பார், தலைப்பைப் படித்ததும் மடித்து வைத்துவிடுவார், செய்தியில் ஒன்றும் இல்லை என்பார். மூளை அடிபட்டதற்கு அப்புறம் முன்னே சும்மா செய்ததையெல்லாம் இப்போது முக்கிமுனகிச் செய்கிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது என்று டாக்டர் சொன்னார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தையை உன் அப்பா நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நீ எங்கேயோ படித்துவிட்டு அந்தப் படத்தை அனுப்பினாய், ஒரு மனித உருவம், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. மூளையில் அடிபட்டவர்களுக்கு வருகிற களைப்புக்கு அக்குபிரஷர் கொஞ்சம் கைகொடுக்கிறதாம், சில புள்ளிகள் சுறுசுறுப்புக்கு, சில புள்ளிகள் அமைதிக்கு, நாம் அமைதிக்கானதை மட்டும் செய்வோம், மணிக்கட்டின் உள்பக்கம், கணுக்காலுக்கு மேலே, புருவத்துக்கு நடுவே, காதுக்குப் பின்னால், கட்டைவிரலாலோ பென்சிலின் ரப்பர் முனையாலோ மெதுவாக அழுத்தினால் போதும் என்று எழுதியிருந்தாய். மெதுவாக என்பதற்கு நீ அடிக்கோடு போட்டிருந்தாய். ஆனால் அதை முதலில் படித்தது உன் சித்தப்பா. அவர் குழாய் வேலைக்காரர், மனித உடம்பும் அவருக்கு ஒரு மூன்று மாடிக் கட்டடம்தான். "அண்ணி, இது ஒண்ணுமில்லை, எங்கேயோ அடைப்பு இருக்கு, அதை எடுத்துட்டா மேலே வரைக்கும் பிரஷர் வந்துடும்" என்றார். துருப்பிடித்த வால்வைத் திருகிப் பழகிய கட்டைவிரல், அது மணிக்கட்டில் இறங்கியபோது உன் அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தீங்களா, கண்ணுல ஒரு தெளிவு வந்திருக்கு என்று சித்தப்பா எனக்குக் காட்டினார். மறுநாள் கை முழுக்க நீலம். முள் முள்ளாக ஒரு ரப்பர் பாய், உருட்டுகிற கட்டை, மோதிரம் மாதிரி ஒரு கம்பிச் சுருள் என்று வேறு வாங்கி வந்தார், முன்னறை கொஞ்ச நாள் சித்திரவதைக் கூடம் மாதிரிதான் இருந்தது. உன் அப்பா தம்பி மனசு நோகக்கூடாது என்று பாயில் வெறுங்காலோடு நின்றுகொண்டு பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு என்றார்.

நான் டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள், கெடுதல் இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது, களைப்பு கொஞ்சம் குறைகிறது என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் செய்த பக்கம் கை வைக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், முக்கியமாக இதை நம்பி வண்டி பக்கம் போகாதீர்கள், அதற்கு நான் சொல்ல வேண்டும் என்றார். இதில் தாராளமாகச் செய்யுங்கள் என்பது வரைதான் உன் அப்பா உனக்குப் போனில் சொன்னார். அன்றிலிருந்து சித்தப்பாவை டீ குடிப்பதோடு நிறுத்திவிட்டு அழுத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, கையைக் கழுவி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருவேன். முதல் நாள் கணுக்கால் பக்கம் அழுத்தினேன், வலது கால் பட்டென்று என் முழங்காலில் ஓர் உதை விட்டது. அவருக்கே தெரியவில்லை. பக்கத்து சீட்டில் மாஸ்டருக்கென்று ஒரு பிரேக் இருக்குமே, அத்தனை வருடம் அதை மிதித்த கால், பாதத்தில் எதுபட்டாலும் பிரேக் போடுகிறது. இரண்டு நாள் நொண்டினேன், கடையில் கேட்டவர்களுக்கு ஸ்டூலில் இடித்துக்கொண்டேன் என்றேன், நம் வீட்டில் ஸ்டூலின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அது வீண் வேலை இல்லை. அழுத்துகிற நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய், அதனால் டிவி கிடையாது, போன் கிடையாது, வந்தவர் போனவர் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் தளரும். அதற்கப்புறம் வருகிற தூக்கம் நல்ல தூக்கமாக இருந்தது, காலையில் முன்னைவிடக் கொஞ்சம் தெம்பாக எழுந்தார். புள்ளிதான் காரணமா, யாரும் அவரை எப்படி இருக்கீங்க என்று கேட்காமல் விட்டதுதான் காரணமா என்று எனக்குப் புரியவில்லை, எதுவாக இருந்தாலும் சரி என்று அழுத்திக்கொண்டிருந்தேன். கொஞ்சம் என்பதை அவர் முழுசும் ஆக்கியதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

அவர் தொழிலை நினைத்துப் பார். காரை எடுக்கத் தெரியாதவர் நடுரோட்டில் கையும் காலும் உதறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பதறினால் கதை முடிந்தது. அதனால் வண்டி நேராகச் சாக்கடையைப் பார்த்துப் போனாலும் பரவாயில்லை, நல்லாத்தான் போகுது, லேசா வலது பக்கம் திருப்புங்க என்று சொல்லிப் பழகிய வாய் அது. ஊரில் பாதிப் பேர் அந்தக் குரலை நம்பித்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இப்போது தன் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் அதே குரலில் அதே பரவாயில்லை. நீயும் நம்பினாய், உன்மேல் தப்பில்லை. நீ வீடியோவில் கூப்பிடுகிற நேரத்துக்கு அவர் எப்படித் தயாராவார் என்று உனக்குத் தெரியாது. மத்தியானம் முழுக்க இருட்டறையில் படுத்து, இருக்கிற கொஞ்சத் தெம்பையும் செலவழிக்காமல் சேர்த்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து உன்னிடம் ஜோக் அடிப்பார். நீ வைத்ததும் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பு இல்லாமல் அப்படியே சாய்வார், பொத்தானை நான்தான் கழற்றுவேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர், முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கிக்கொண்டு, எழுத்து தெரியாமலே கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்லிவிடுவார்கள், அவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். எழுத்துப் பலகையை மாற்றி வைத்தால் மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் எந்தப் பலகையை மாற்றுவது என்று தெரியாமல்தான் முழித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஸ்கூல் முதலாளி வந்தார். மாஸ்டர் இல்லாமல் ஆள் சேர்வது குறைந்துபோச்சு, வருகிறவர்கள் எல்லாம் மாஸ்டரைத்தான் கேட்கிறார்கள், ஒண்ணாம் தேதியிலிருந்து வந்துவிடுங்கள் என்றார். டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்றிருக்கிறார் என்று நான் குறுக்கே சொன்னேன். "அவர் எங்கம்மா ஓட்டப்போறார், பக்கத்துல சும்மா உக்காரத்தானே போறார்" என்றார் முதலாளி. ஓட்டத் தெரிந்தவர் காரை ஓட்டக்கூடாதாம், ஓட்டத் தெரியாதவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்காரலாமாம், இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. உன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, முகம் மலர்ந்து தலையாட்டினார். டாக்டரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, என் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். உன்னிடம் கேட்டபோது நீயும், அப்பா நல்லாத்தானே இருக்கார், வீட்டிலேயே இருந்தா மனசு விட்டுடும், போகட்டுமே என்றாய். அதை அவர் முதலாளியிடம் என் பொண்ணே சொல்லிட்டா என்று சர்டிபிகேட் மாதிரி நீட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, பட்டாணி. யார் பெற்ற பிள்ளையோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இவரை நம்பி உட்கார்ந்திருக்கும், குறுக்கே யாரோ வருவார்கள், இவருடைய கால் அந்த ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் யார் வீட்டில் இழவு விழும்? போகாதீர்கள் என்று நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. உனக்கு எப்பவும் பயம்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்போதுதான் பலகையை மாற்றினேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டு நான் மாட்டேன் என்ற ஒரே விஷயம் இதுதான், புருஷன் பெண்டாட்டி ஒரே காரில் பாடம் படித்தால் இரண்டு பேரும் ஒன்றாக வீடு திரும்பமாட்டார்கள் என்பது என் கட்சி. நீங்கள் என்னைச் சமாளித்துவிட்டால் உலகத்தில் யாரையும் சமாளிப்பீர்கள், அப்புறம் ஒண்ணாம் தேதி போங்கள், நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். சந்தோஷத்தில் அவருக்குக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்கூல்காரர்கள் பழக்கிக் கொடுக்கிற அந்தப் பெரிய மைதானம் இருக்கிறதே, சுற்றிலும் பழைய டயரை அடுக்கி வைத்திருப்பார்கள், அங்கே முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். கிளம்பும் முன் கையில் அழுத்திவிடச் சொன்னார், அழுத்தினேன். பஸ்ஸில் யாரோ போனில் சத்தமாகப் பாட்டு போட்டுக்கொண்டு வந்தார், இவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு காற்று நல்லா வருது என்றார். வந்த தெம்பில் பாதி அங்கேயே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

காரில் உட்கார்ந்ததும் மாஸ்டர் ஆகிவிட்டார். சீட்டை முன்னால் தள்ளு, கண்ணாடியைச் சரிசெய், கிளச்சை எப்போது விடுவது, எல்லாம் அழகாகச் சொன்னார், பொறுமையாகச் சொன்னார், வீட்டில் ஒரு மூடி திறக்கச் சொல்லிக்கொடுத்தாலும் எரிந்து விழுகிற மனிதரா இவர் என்று ஆச்சரியமாக இருந்தது. நான் இரண்டு தடவை வண்டியை அணைத்தேன், மூன்றாம் தடவை நகர்ந்தது. நகர்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். ஒரு சுற்று வந்தோம். நானே தப்பாக நினைத்துவிட்டேனோ, இவருக்கு இந்த சீட்தான் மருந்தோ என்றுகூட நினைத்தேன். இரண்டாம் சுற்றில் சொன்னதையே திரும்பச் சொன்னார். இடது பக்கம் கையைக் காட்டிக்கொண்டு வலது பக்கம் திருப்பு என்றார். அப்புறம் வழி சொல்வதே நின்றுபோய்ப் பரவாயில்லை மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே டயர் வரிசையை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து ஓட்டினேன், சத்தியமாக வேண்டுமென்றேதான், பரவாயில்லை, நல்லாத்தான் போகுது என்றார். மைதானத்தை ஒட்டி அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்று இருக்கிறது, அதன் கேட்டிலிருந்து ஒருவர் தள்ளுவண்டியில் பெட்டிகளைத் தலைக்கு மேலே அடுக்கிக்கொண்டு, முன்னால் பார்க்க வழியில்லாமல், குறுக்கே வந்தார். அவரை உன் அப்பா பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தக் கால், அவருக்கே தெரியாமல் என்னை உதைத்த கால், அசையவில்லை. பட்டாணி, நான் எதை மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது, இருந்த எல்லாவற்றையும் மிதித்தேன். வண்டி ஒரு குதி குதித்து நின்று அணைந்தது. இரண்டு பெட்டி விழுந்தது, வேறு ஒன்றும் இல்லை.

தள்ளுவண்டிக்காரர் அட்டையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்து முறைத்தார், பக்கத்தில் இவரைப் பார்த்ததும் முகம் மாறிக் கும்பிடு போட்டார். "நல்லவேளை மாஸ்டர் பிரேக் போட்டீங்க, இல்லைன்னா இந்தம்மா என்னை ஏத்தியிருப்பாங்க" என்றார். எவ்வளவு சுலபம் பார், ஒரு தலையாட்டினால் போதும், இன்னும் பத்து பேருக்கு அவரே போய்ச் சொல்வார். நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உன் அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "நான் போடலைப்பா, அவங்கதான் போட்டாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பாமலே, "எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேல் அவரால் இறங்கக்கூட முடியவில்லை, சீட்டைச் சாய்த்துவிட்டதும் தூங்கிவிட்டார். எனக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது, வண்டி கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. தள்ளுவண்டிக்காரர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார், மூன்று பேருமாக, மாஸ்டர் எழுந்துவிடாமல், மாஸ்டரோடு சேர்த்து வண்டியை ஓரமாகத் தள்ளினோம். வண்டியின் உச்சியில் பயமில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள் என்று பலகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அழுத்தவெல்லாம் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதேன். பரீட்சை வைத்ததில் ஜெயித்தது நான்தான், ஆனால் அந்த மனிதர் தோற்கட்டும் என்று நானா நினைத்தேன்.

இங்கே நிறுத்தினேன், கண்ணாடி பார்க்க ஒரு குடும்பமே வந்துவிட்டது. மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் உள்ளறையில் படுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அவரே முதலாளிக்குப் பேசினார், நான் சொல்லவில்லை. ஒண்ணாம் தேதி வரமுடியாது, எப்போது என்றும் சொல்லமுடியாது, டாக்டர் சரி என்று சொன்னால்தான் என்றார். முதலாளி, தற்காலிகமாக வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். முதலாளியின் தற்காலிகம் நமக்குத் தெரியாததா, அவர் ஆபீஸ் நாற்காலிக்கு நாலாவது காலாக வைத்த செங்கல்கூடத் தற்காலிகம்தான், நான் பார்க்கும் நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. அந்த வேலை போனது போனதாகவே இருக்கலாம், நீயும் அதற்கு மனதைத் தேற்றிக்கொள். எங்கள் சாப்பாட்டுக்குக் குறையில்லை, கடை இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப அடைப்பு நான் நினைச்ச இடத்துல இல்லை என்றார். ஆனாலும் போகும்போது அந்த முள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார், தனக்கு முதுகு வலிக்கிறதாம்.

எல்லோரிடமும் சொன்னவருக்கு உன்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிடும் நேரம் வந்ததும் போனை எடுத்துப் போர்வைக்கடியில் வைத்தவர்தான். அவ சொன்ன பிறகுதானே போறேன்னேன், இப்ப அவ என்ன நினைப்பா என்கிறார். உன் படமும் புள்ளியும் தோற்றுப்போய்விட்டது என்று நீ வருத்தப்படுவாயாம், அப்பாவைச் சரியாகப் பார்க்காமல் விட்டோமே என்று வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவாயாம். அதனால் நான் சொல்வதைக் கேள். நீ எதையும் தப்பாகச் சொல்லவில்லை. அழுத்துவதை நாங்கள் நிறுத்தவும் இல்லை, நேற்றும் செய்தேன், இனிமேலும் செய்வேன், அது அவருக்குக் கொஞ்சம் ஓய்வு தருகிறது, கொஞ்சத்தைக் கொஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே. நீ வந்து நின்றால் உனக்காக எழுந்து உட்காருவார், சிரிப்பார், உன்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார், நீ போன பிறகு அதற்கெல்லாம் சேர்த்து நான் பார்க்க வேண்டும். லீவு கிடைக்கும்போது வா, வந்து அவர் படுத்திருக்கும்போது நீயும் பக்கத்தில் படுத்துத் தூங்கு, அதற்காக வா. போனில் பேசினால் எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்காதே, அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, எந்தப் பதில் என்று உனக்குத் தெரியும். உன் வீட்டு மேல்மாடிக்காரன் இன்னும் தண்ணீர் ஒழுக விடுகிறானா, நீ என்ன சமைத்தாய், அதைச் சொல். அவர் பேசாமல் இருந்தால் நீயும் கொஞ்சம் பேசாமல் இரு. அழைப்பு அறுந்துவிட்டது என்று பதறி மறுபடி கூப்பிடாதே.

கண்ணாடியைப் பற்றி. பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது, நான்கைந்து நாள் தரை மேலே வந்த மாதிரி இருக்கும், பழகிவிடும். படுத்துக்கொண்டு போன் பார்க்காதே, கண்ணாடியைக் கவிழ்த்து வைக்காதே, சட்டை நுனியால் துடைக்காதே, நீ துடைப்பாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். பல்பு மாற்றவேண்டுமானால் ஆளைக் கூப்பிடு.

இதுவரை எழுதும்போது அவர் எழுந்து வந்து பின்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. யாருக்கு எழுதறே என்றார். உனக்கென்றேன். எல்லாத்தையும் எழுதிட்டியா என்றார், எழுதிவிட்டேன் என்றேன். சத்தியத்தை எடுத்து நீட்டுவார் என்று நினைத்தேன், நீட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன், இத்தனை எழுத்து இப்ப முடியாது, கண்ணு சோர்ந்துடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார், செய்தியில் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து போர்வைகளைக் கலைத்துப் போனை எடுத்து சார்ஜில் போட்டார்.

நீ நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, நிம்மதியான தூக்கத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். அப்பா உனக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை பேசறேன், ஆனா இந்தத் தடவை படுத்துக்கிட்டேதான் பேசுவேன்னு எழுது, பார்த்துட்டு அவ பயப்படக்கூடாது."

பயப்படாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா